7 வருஷமா ப்ளம்பிங் வேலை, கையில சர்ட்டிபிகேட் இல்ல. 28 வயசுல ஐடிஐ போகணுமா, வேற வழி இருக்கா?

சூலூர்_பைப்லைன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு 28 வயசு, ஊரு கோயமுத்தூர் பக்கம் சூலூர். எட்டாவது பாஸ். பத்தாவது பாதியில நின்னுட்டேன். 21 வயசு வரைக்கும் விசைத்தறிக் கூடத்துல இருந்தேன். தறி ஓட்டம் கொறஞ்சதும் மாமா என்னை ஒரு ப்ளம்பர் மேஸ்திரிகிட்டச் சேர்த்துவிட்டாருங்க. முதல் ரெண்டு வருஷம் சுவரு கொத்தறதும் பைப் சுமக்கறதும்தான். இப்ப ஒரு வீட்டை முழுசா நானே முடிச்சுக் குடுத்துருவேன். சம்ப்புல இருந்து மேல் டேங்க்கு, டேங்க்கு அவுட்லெட், கன்சீல்டு டைவெர்டர் (ஷவருக்குச் சுவருக்குள்ள பதிக்கற வால்வு), கழிவு லைன், சேம்பர் எல்லாம் பழகியாச்சு. ஒரு நாளைக்கு 1,100 ரூபா வாங்கறேன். மழைக்காலத்துல மாசம் பத்து நாள் வேலை இருந்தாப் பெருசு. அதுதான் பிரச்சனையே. ஊட்டுல ரெண்டு வயசுப் பொண்ணு இருக்குதுங்க.

போன மாசம் ஒரு ஆஸ்பத்திரியில மெயின்டனன்ஸ் ப்ளம்பர் வேலைக்குப் போனேன். மாசச் சம்பளம், பி.எஃப் உண்டு. பம்ப் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு என்ஆர்வி (தண்ணி திரும்பி வராமத் தடுக்கற வால்வு) ஒழுகுதுன்னு காட்டுனாங்க. கழட்டிச் சுத்தம் பண்ணி அரை மணி நேரத்துல மாட்டிக் குடுத்தேன். அந்த இஞ்சினியரே "வேலை நல்லாத் தெரியுதே"ன்னு சொன்னாரு. அப்புறம் ஆபீஸ்ல ஐடிஐ சர்ட்டிபிகேட் கேட்டாங்க. இல்லைன்னேன். பேப்பர் இல்லாம எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. பஸ்ஸுல வரும்போது மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சுங்க.

ஒரு வருஷம் வேலையை உட்டுப்போட்டு ஐடிஐயில போய் உக்கார என்னால முடியாது. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் 8,000 ரூபா குடுத்தா ரெண்டு நாள்ல சர்ட்டிபிகேட் வாங்கித் தர்றேன், பரீட்சை எல்லாம் வேண்டாம்ங்கறாரு. ஆர்பிஎல்னு ஒண்ணு இருக்குன்னும் சொல்றாங்க. மச்சான் சவுதியில இருக்காரு, அங்க போறதுக்கும் இது உதவுமான்னு தெரியணும். அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க.

மாட்டுத்தாவணி எழுதியது:

தம்பி, நான் மதுரையில 18 வருசமா இதே தொழில். இதுவரைக்கும் ஒரு வீட்டுக்காரர்கூட என்கிட்ட சர்ட்டிபிகேட் கேட்டது கிடையாது. ஒழுகாம வேலை செஞ்சா அவுங்களே அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிடுவாங்க. உங்கிட்ட கை வேலை இருக்கு. ரெண்டு ஹெல்பரைச் சேத்துக்கிட்டு காண்ட்ராக்ட் எடுத்துச் செய்யி. அந்த மாசச் சம்பளத்தை விடக் கூடவே கிடைக்கும். பேப்பருக்கு அலையாத.

பைப்ரெஞ்ச்_திருச்சி எழுதியது:

மதுரைக்காரர் சொல்றது வீட்டு வேலைக்குச் சரி. ஆனா தம்பி கேக்கறது மழைக்காலத்துலயும் சம்பளம் வர்ற வேலை. அங்க பேப்பர் கேக்கத்தான் செய்வாங்க. காண்ட்ராக்ட் எடுக்கலாம்தான். வீட்டுக்காரர் கடைசிப் பணத்தை மூணு மாசம் இழுத்தடிச்சா அதைத் தாங்கற முதல் கையில இருக்கணும். ரெண்டு வயசுக் குழந்தையை வச்சுக்கிட்டு எல்லாராலயும் அது ஆகாது.

முதல்ல அந்த 8,000 ரூபாய் ஆளை விட்டு விலகு தம்பி. இப்ப வர்ற சான்றிதழ்ல கியூஆர் கோடு இருக்கு. ஆபீஸ்ல போன்லயே ஸ்கேன் பண்ணிப் பாத்துடுவாங்க. வேலை தெரிஞ்ச நீ போலிப் பேப்பரோட பிடிபட்டா, தெரிஞ்ச வேலைக்கும் மரியாதை போயிடும். காசு போனா மறுபடி சம்பாதிக்கலாம். திருச்சி, கோவை மாதிரி ஊர்ல பேர் கெட்டா எல்லா சைட்டுக்கும் தெரிஞ்சிடும்.

என் கதையைக் கொஞ்சம் சொல்றேன், காரணமாத்தான் சொல்றேன். நான் 1986-ல, 15 வயசுல, திருச்சியில ஒரு மேஸ்திரிகிட்ட ஹெல்பராச் சேர்ந்தேன். அருமையான மனுஷர், கை சுத்தம். 1989-ல ஸ்ரீரங்கத்துல ரெண்டு மாடி வீடு ஒண்ணு செஞ்சோம். கழிவுக்கு அப்ப எல்லாம் சிஐ (வார்ப்பிரும்பு) பைப், ஜாயிண்ட்டுக்கு ஈயம் உருக்கி ஊத்தணும். வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு மேல பைப் நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது, பார்க்க அசிங்கமா இருக்குன்னார். மேஸ்திரியும் சரின்னு தளத்துக்குக் கீழயே வெட்டி மூடி போட்டுட்டார். குடி வந்து பத்து நாள்ல கீழ் பாத்ரூம்ல நாத்தம். மேல ஃப்ளஷ் பண்ணினா கீழ நானி ட்ராப்ல (பாத்ரூம் தரையில தண்ணி வெளியேறற வாய்) குளுகுளுன்னு சத்தம். ட்ராப்புதான் கோளாறுன்னு தரையை உடைச்சு மாத்தினோம். நாத்தம் போகலை. மறுபடி உடைச்சோம். டைல்ஸ், கூலி எல்லாம் மேஸ்திரி கைக்காசு. அந்த மாசம் அவர் வீட்டுல எப்படிச் சமாளிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் காரணம் புரியாமலே விட்டுட்டு வந்தோம்.

1990-ல நான் ஐடிஐ ப்ளம்பர் டிரேட்ல சேர்ந்தேன். ஒரு நாள் வாத்தியார் கரும்பலகையில நெட்டுக்குத்தா ஒரு பைப் வரைஞ்சு, மேல இருந்து தண்ணி மொத்தமா இறங்கும்போது பின்னாடி காத்து வேணும்டா, மேல மூடி இருந்தா அது பக்கத்து ட்ராப்ல நிக்கிற தண்ணியை உறிஞ்சி இழுக்கும்னார். ட்ராப்ல நிக்கிற ரெண்டு அங்குலத் தண்ணிதான் சாக்கடைக் காத்துக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல இருக்கற கதவு, அது போச்சுன்னா நாத்தம் உள்ள வரும்னு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அன்னிக்கு சாயங்காலமே சைக்கிளை மிதிச்சுக்கிட்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில ரெண்டு பேரும் அந்த வீட்டு மாடியில ஏறி மூடியை உடைச்செடுத்து, பைப்பைத் தளத்துக்கு மேல தூக்கி, கௌல் (பைப் வாய்க்குக் காத்துப் போற தொப்பி) வச்சோம். கீழ வந்து ட்ராப்ல ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டு, மேல ஆளை விட்டு ஃப்ளஷ் பண்ணச் சொல்லிப் பாத்தோம். சத்தமே இல்லை. மேஸ்திரி ரொம்ப நேரம் அந்த ட்ராப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். "இதை எனக்கு யாரும் சொல்லித் தரலையேடா"ன்னார். 20 வருஷம் தொழில் பாத்தவர்.

நீ வாங்கப் போற பேப்பருக்குப் பின்னாடி இந்தப் பாடம் இருக்கணும். கை வேலை உனக்கு வந்துடுச்சு. ஏன், எவ்வளவுங்கற ரெண்டும் வந்துடுச்சான்னு உன்னையே கேட்டுப் பாரு. 4 அங்குலக் கழிவு லைனுக்கு எவ்வளவு வாட்டம் கொடுக்கறே? கண் மட்டத்துக்கா? 40-க்கு 1 கணக்கு, அதாவது 10 அடிக்கு 3 அங்குலம். 6 அங்குல பைப்புக்கு 60-க்கு 1. மேல் மாடி ஷவர்ல தண்ணி சொட்டுதுன்னு வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தா என்ன பதில் சொல்வே? 10 மீட்டர் உயரத்துத் தண்ணிக்குத்தான் சுமார் ஒரு கிலோ பிரஷர். டேங்க் அடிமட்டம் ஷவருக்கு 8 அடி மேல இருந்தா கால் கிலோகூட முழுசா வராது. அப்புறம் வழியில எல்போல (பைப் திரும்பற வளைவு) போற இழப்பு வேற. டைவெர்டரை மாத்தினா தீராது, டேங்க்கை உயர்த்தணும் இல்ல பிரஷர் பம்ப் வைக்கணும். இதை வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்றவன்தான் ப்ளம்பர்.

சரி, வழிக்கு வர்றேன். ஐடிஐக்குப் போகாமலே ஐடிஐ பரீட்சை எழுதலாம். தனித்தேர்வர்னு பேர். வயசும் தொழில் அனுபவமும் இருந்தா, வகுப்புல படிச்ச பசங்க எழுதற அதே அகில இந்தியத் தொழிற்தேர்வை நீயும் எழுதி அதே என்டிசி (தேசியத் தொழிற்சான்றிதழ்) வாங்கலாம். என்கிட்ட ஆறு வருஷம் இருந்த பையன் அப்படித்தான் வாங்கினான். இப்ப ஒரு ஃபேக்டரியில இருக்கான். விவரம் இந்தப் பக்கத்துல பயிற்றுநர் ஒருத்தர் இருக்காங்க, அவங்க சரியாச் சொல்வாங்க.

ஆர்பிஎல் வேற. ஏற்கெனவே வேலை தெரிஞ்சவனைச் சோதிச்சுச் சான்று கொடுக்கறது. சில நாள்ல முடிஞ்சிடும். பெரிய கட்டுமான சைட்டுல உள்ள நுழையறதுக்கும், உனக்கு ஒரு அத்தாட்சிக்கும் நல்லது. ஆனா ஐடிஐ கேக்கற எடத்துல அதை நீட்டினா ஒத்துக்குவாங்கன்னு நம்பிப் போகாதே. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கா உன்கிட்ட? ப்ளம்பருக்கும் உண்டு, 18 வயசுல இருந்து 60 வரைக்கும் பதியலாம். இல்லைன்னா மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதை எடு.

இன்னொண்ணு. ஆஸ்பத்திரி, அப்பார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ்ல சேர்ந்தா ஒரு நாள் யாராவது "செப்டிக் டேங்க்ல கொஞ்சம் இறங்கிப் பாருப்பா, அடைச்சிருக்கு"ம்பாங்க. இறங்காதே. நாலு பேர் நிக்கறாங்க, கயிறு கட்டிக்கலாம், ரெண்டே நிமிஷம்னு சொன்னாலும் இறங்காதே. உள்ள இருக்கற வாயு ஒரு மூச்சுல ஆளைச் சாய்ச்சுடும். காப்பாத்த இறங்கறவனும் சேர்ந்து போவான். 2013-ல வந்த சட்டப்படி ஒருத்தரைப் பாதுகாப்புச் சாதனம் இல்லாம அப்படி இறக்கறதே குற்றம். முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரைக்கும் சிறையோ ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதமோ, ரெண்டுமோகூட விதிக்கலாம். என் தொழில்ல நான் பாத்த ரெண்டு சாவு இப்படித்தான். மெஷின் வண்டியைக் கூப்பிடச் சொல்லு. வேலை போனாலும் பரவாயில்லை.

பட்டறை_ஆசிரியை எழுதியது:

அரசு ஐடிஐ ஒன்றில் பயிற்றுநராக இருக்கிறேன். திருச்சி ஐயா என்னைக் குறிப்பிட்டதால் எனக்குத் தெரிந்த வரையில் தெளிவாகச் சொல்கிறேன்.

நேரடியாகச் சேர்வதானால் ப்ளம்பர் பிரிவு ஓராண்டு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது இல்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சீருடை எல்லாம் உண்டு. ஆனால் பகல் முழுக்க வர வேண்டும். வீட்டில் உங்கள் கூலியை நம்பி மூன்று பேர் இருக்கும்போது 750 ரூபாயில் ஓர் ஆண்டு ஓட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தொன்பது வயதுப் பையனோ பெண்ணோ கேட்டிருந்தால் யோசிக்காமல் சேரச் சொல்லியிருப்பேன். (பெண்கள் இந்தப் பிரிவுக்கு வருவதே அபூர்வம். போன முறை ஒருத்தி வந்தாள். பைப்பில் த்ரெட் (மரை) வெட்டுவதில் வகுப்பிலேயே அவள்தான் முதல். வாசிக்கிற பெண்கள் யாராவது இருந்தால் தயங்காமல் வாருங்கள்.)

தனித்தேர்வர் வழி உங்களுக்குப் பொருந்தும். 21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடும். செய்தித்தாளிலும் துறையின் இணையதளத்திலும் வரும். முதலில் மாநில அளவில் ஒரு முதல்நிலைத் தேர்வு, எழுத்தும் செய்முறையும். அதில் தேறினால்தான் அகில இந்தியத் தொழிற்தேர்வுக்கு அனுமதி. விளக்கக் குறிப்பேட்டை முழுதும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பக்கத்து அரசு ஐடிஐ அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டால் சொல்வார்கள். அறிவிப்பு வந்த பிறகு நாள் அதிகம் இருக்காது, அனுபவச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.

அனுபவசாலிகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், மனம் பொறுக்காது. ஒன்று, வரைபடம். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு அழகாக லைன் இழுப்பார்கள். அதையே தாளில் ஐசோமெட்ரிக்காக (முப்பரிமாணமாகத் தெரியும்படி) வரையச் சொன்னால் கை நின்றுவிடும். கேட் வால்வுக்கும் என்ஆர்விக்கும் என்ன குறி என்று தெரியாது. இரண்டு, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். இப்போதைய பையன்கள் எல்லாரும் சிபிவிசி, யுபிவிசி பிளாஸ்டிக் பைப்புகளில் வெட்டி ஒட்டிப் பழகியவர்கள். பைப் வைஸில் ஜிஐ பைப்பைப் பிடித்து, டை (மரை வெட்டும் கருவி) போட்டு த்ரெட் வெட்டச் சொன்னால் முழிக்கிறார்கள். அரை அங்குலத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் ஓர் அங்குல நீளத்தில் 14 த்ரெட், ஓர் அங்குல பைப்புக்கு 11. இது வாய்மொழித் தேர்விலும் வரும். பைப்பின் மேல் உள்ள வண்ணப்பட்டை மஞ்சளா, நீலமா, சிவப்பா என்று பார்த்து லைட், மீடியம், ஹெவி வகை சொல்லவும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, ஏன் என்ற கேள்வி. சிபிவிசிக்கும் யுபிவிசிக்கும் ஒரே பசையைப் போட்டால் என்ன? கெய்சர் லைனில் யுபிவிசி போடலாமா? சைட்டில் சரியாகச் செய்கிறவர்கள்கூடக் காரணம் கேட்டால் "அப்படித்தான் போடுவோம் மேடம்" என்கிறார்கள். அதற்கு மதிப்பெண் போட எனக்கு வழியில்லை.

கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் ஐடிஐ பாடப் புத்தகங்களை வெளியிடுகிறது. ப்ளம்பர் தியரி, செய்முறை இரண்டையும் வாங்குங்கள். பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் மாதிரி வினாக்கள் இலவசமாகக் கிடைக்கும். தினம் ஒரு மணி நேரம் போதும்.

டெல்டாக்காரன்_சிங்கை எழுதியது:

வெளிநாடு பத்தி நான் சொல்றேன். நான் மன்னார்குடி பக்கம், சிங்கப்பூர்ல 11 வருசமா பைப் வேலை. இங்க வர்றதுக்கு நம்ம ஊர் ஐடிஐ பேப்பர் மட்டும் பத்தாது. ஊர்ல இருக்கற டெஸ்ட் சென்டர்ல பிளம்பிங் அண்ட் பைப்பிங் டிரேட்ல ஸ்கில் டெஸ்ட் அடிச்சுட்டுத்தான் வரணும். வந்த பிறகும் தண்ணி லைன்ல கையெழுத்துப் போடற அதிகாரம் நமக்குக் கிடையாது. அது பியூபி (சிங்கப்பூர் தண்ணி வாரியம்) லைசென்ஸ் வாங்கின ப்ளம்பருக்குத்தான். நம்ம ஆளுங்க நிறையப் பேர் இது தெரியாம "நான் சிங்கப்பூர் லைசென்ஸ் ப்ளம்பர்"னு ஊர்ல சொல்லிக்கறாங்க.

சவுதிக்கு இப்ப ஸ்கில் வெரிஃபிகேஷன்னு ஒரு பரீட்சை இருக்கு. இந்தியாவுல அதை ஆரம்பிச்சப்ப முதல்ல எடுத்துக்கிட்ட அஞ்சு தொழில்ல ப்ளம்பரும் ஒண்ணு. எழுத்து, செய்முறை ரெண்டும் உண்டு. உங்க மச்சான் வேலை விசா அனுப்பினாலும் அதைக் கேப்பாங்க, தயாரா இருங்க.

அப்புறம் பாஸ்போர்ட். பத்தாவது பாஸ் இல்லைன்னா இசிஆர் பாஸ்போர்ட்டுதான் கிடைக்கும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போக குடியேற்ற அனுமதி வாங்கணும். ஒரு விதத்துல அது நமக்குப் பாதுகாப்புத்தான், ஆனா அலைச்சல். தனித்தேர்வராப் பத்தாவது எழுதிப் பாஸ் பண்ணிடுங்க. உங்க வயசுல முடியும், நான் இங்க டார்மிட்டரியில உக்காந்து படிச்சு, லீவுல வந்து எழுதினேன். ஏஜெண்டு யாரா இருந்தாலும் பதிவு எண் கேளுங்க. அரசோட இ-மைக்ரேட் தளத்துல அடிச்சுப் பாருங்க. சட்டப்படி அவங்க வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நான் முதல் தடவை வந்தப்ப அதைப் போலப் பல மடங்கு கொடுத்தேன். அம்மா தாலிக்கொடி அடகுல இருந்து திரும்ப ரெண்டு வருசம் ஆச்சு. சென்னையில அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, முதல்ல அங்க பதிஞ்சு வைங்க.

சூலூர்_பைப்லைன் எழுதியது:

இவ்வளவு பேரு நேரம் ஒதுக்கி எழுதுனதுக்கு ரொம்ப நன்றிங்க. தனித்தேர்வருன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஊட்டுக்காரியும் படிச்சுப் பாத்துட்டு இதையே பண்ணுங்கன்னு சொல்லிருச்சு. அந்த 8,000 ரூபா ஆளுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்.

நல வாரிய அட்டை இருக்குதுங்க, ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. அனுபவச் சான்றுதான் சிக்கல். என்ற மேஸ்திரிகிட்டக் கேட்டேன். லெட்டர் எழுதிக் குடுத்தா நீ வேற வேலைக்குப் போயிருவே, எனக்கு ஆள் இல்லைங்கறாரு. அவரு மேல கோவம் இல்லைங்க, தொழில் குடுத்தவரு. ஆனா என்ன பண்றது?

ஜிஐ பைப் த்ரெட், மேடம் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. டை செட்டைக் கையில தொட்டதே இல்லைங்க. பழைய ஊடுகள்ல ஜிஐ லைன் வந்தா வெட்டிப்போட்டு சிபிவிசி மாத்திருவோம்.

பைப்ரெஞ்ச்_திருச்சி எழுதியது:

மேஸ்திரிகிட்ட ஆபீஸ் வேலைக்குன்னு சொல்லாதே. பரீட்சை எழுதணும்னு சொல்லு, உண்மையும் அதுதான். ஒரு பழமும் வெத்தலை பாக்கும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய்க் கேளு. சைட்டுல நாலு பேர் முன்னால கேட்டா மனுஷனுக்கு விட்டுக்கொடுக்க வராது. பரீட்சை முடியற வரைக்கும் உங்ககிட்டயேதான் இருப்பேன்னு வாக்குக் கொடு, கொடுத்தா காப்பாத்து.

த்ரெட்டுக்கு வா. கோவையில பழைய ஹார்டுவேர் கடைங்க பக்கத்துல இன்னும் பைப்புக்கு த்ரெட் போட்டுக் கொடுக்கற பட்டறை இருக்கும். ஞாயித்துக்கிழமை போய் நின்னு கேளு. கூலி வேண்டாம், கத்துக்கணும்னு சொன்னா யாரும் விரட்ட மாட்டாங்க. பைப்பை வைஸ்ல நசுங்காமப் பிடி. வெட்டின வாயை நேரா இருக்கான்னு பாரு. கோணலா வெட்டினா டை கோணலா ஏறும், அப்புறம் எதைச் செஞ்சும் சரி பண்ண முடியாது. உள்பக்கம் பிசிர் இருக்கும், ரீமர் போட்டு எடு. டையை ஏத்தி முதல் ரெண்டு சுத்து உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தணும். அது பல் பிடிச்சதும் அழுத்த வேண்டாம், தானா ஏறும். அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. பின்னால திருப்பினாத்தான் சீவல் உடைஞ்சு விழும். எண்ணெய் விட்டுக்கிட்டே இரு. எண்ணெய்ல கஞ்சம் பிடிச்சா த்ரெட் கிழியும். டை முகத்துக்கு வெளிய ஒண்ணு ரெண்டு த்ரெட் தெரியற வரைக்கும் போதும், அதுக்கு மேல வெட்டினா சாக்கெட் உள்ள போய் முட்டிக்கும், இறுகாது.

த்ரெட்டுக்கு இப்ப டேப் சுத்தறீங்க. பரீட்சைக்குச் சணலும் பெயிண்ட்டும் பழகிக்கோ. நூல் மாதிரி மெலிசாப் பிரிச்சு எடு, கொத்தா வைக்காதே.

பட்டறை_ஆசிரியை எழுதியது:

நல வாரிய அட்டையையும் ஐடிஐ அலுவலகத்துக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். அனுபவச் சான்றுக்கு அது மாற்று என்று நான் சொல்லவில்லை, ஆனால் எந்த ஆண்டு முதல் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள் என்று பேசும்போது உதவும். வேறு ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்திருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். வரைபடத்துக்கு ஒரு பயிற்சி: உங்கள் சொந்த வீட்டு லைனையே வரையுங்கள். சம்ப்பில் தொடங்கி ஒவ்வோர் எல்போவும், ஒவ்வொரு வால்வும் தாளில் வர வேண்டும்.

சூலூர்_பைப்லைன் எழுதியது:

மூணு வாரம் கழிச்சு எழுதறேனுங்க. மேஸ்திரி லெட்டர் குடுத்துட்டாரு! திருச்சி அண்ணன் சொன்ன மாதிரியே வெத்தலை பாக்கோட போனேன். அவரு சம்சாரம்தான் "படிக்கறேங்கற பையனை ஏன் தடுக்கறீங்க"ன்னு பேசுச்சு. 7 வருஷம்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. புக்கு ரெண்டும் வாங்கிட்டேன். பொண்ணு தூங்குனப்புறம் ராத்திரி 9 மணியில இருந்து 10 மணி வரைக்கும் படிக்கறேன்.

ஊட்டு லைனை வரைஞ்சேன் மேடம். முதல் தாள்ல எல்லாமே குறுக்குமறுக்கா வந்துருச்சு. நாலாவது தாள்லதான் பாக்கற மாதிரி வந்துச்சு. வரையும்போதுதான் ஒண்ணு தெரிஞ்சுதுங்க. நாங்க குடியிருக்கற வாடகை ஊட்டுல டேங்க் அடிமட்டத்துக்கும் ஷவருக்கும் வெறும் 6 அடி. அஞ்சு எல்போ வேற. ரெண்டு வருஷமா ஷவரைக் கழட்டிக் கழட்டிக் கழுவிட்டு இருந்தேன்.

உக்கடம் பக்கத்துல ஒரு பட்டறைப் பெரியவரு ரெண்டு ஞாயிறா சொல்லித் தர்றாரு. முக்கால் அங்குலம் நல்லா ஏறுது. ரெண்டு பைப், ஒரு எல்போ, ஒரு டீ மாட்டிக் கைப் பம்ப்புல பிரஷர் ஏத்திப் பாத்தோம். ஏத்துனதும் எல்போ பக்கம் ஒழுகுச்சு. த்ரெட் சுத்தமா இருக்குது, ரீமரும் போட்டேன், எண்ணெயும் நல்லா விட்டேன். சணல் மட்டும் இறுக்கும்போது வெளிய பிதுங்கிப் பிரிஞ்சு வந்துருது. பெரியவரு நீயே கண்டுபிடின்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

பைப்ரெஞ்ச்_திருச்சி எழுதியது:

லெட்டர் வந்ததுல எனக்கு ரொம்பச் சந்தோஷம் தம்பி. பைப் வாயை உன் முகத்துக்கு நேரா வச்சுப் பாரு. சணலை எந்தப் பக்கமாச் சுத்தினே?

சூலூர்_பைப்லைன் எழுதியது:

இடப்பக்கமாச் சுத்தியிருக்கேனுங்க அண்ணா. எல்போ ஏறும்போது அதுவே சணலைப் பிரிச்சு உடுது. வர்ற ஞாயிறு கழட்டி, வலப்பக்கமாச் சுத்தி மாட்டிட்டு பம்ப் போட்டுப் பாத்துச் சொல்றேன்.